கோலுக்குப் பிந்தி எழுந்தவர்

"நாய், பூனை, பசு, நடுவர். இந்த நாலுல சேராதது எது?" என்று பேக்கரிக்காரர் கேட்டார்.

கிரேன்காரர் யோசிக்கக்கூட இல்லை. "நடுவர்."

"ஏன்?"

"மத்த மூணுக்கும் கண்ணு தெரியும்."

தகரக் கூரைக்குக் கீழே இருந்த வரிசை மொத்தமும் சிரித்தது. மைதானத்தில் நீலச் சட்டைக்காரர்கள் பந்தைத் தங்களுக்குள்ளேயே தட்டிக்கொண்டிருந்தார்கள். எதிரணிக்கு அதில் அவசரம் இல்லை. கொஞ்ச நேரம் பொறுத்தால் பந்து தானாகவே தங்கள் காலுக்கு வந்து சேரும் என்று அவர்களுக்குத் தெரியும். துறைமுகத்துப் பக்கமிருந்து டீசலும் உப்பும் கலந்த காற்று வந்துகொண்டிருந்தது. மழை வருவதற்கு முன் அந்த ஊரில் காற்று இப்படித்தான் கனத்துப்போகும்.

"தமாஷ் போதும்," என்றார் வாத்தியார். "பரீட்சையில நடுவரப் பத்தியெல்லாம் கேக்க மாட்டாங்க. இதச் சொல்லுங்க. ரெண்டு பேரு ஒரு சுவர நாலு நாள்ல கட்டுறாங்க. நாலு பேரு சேந்தா எத்தன நாளாகும்?"

"ரெண்டு நாள்."

"எங்க ஆகும்?" என்று மச்சான் குறுக்கே புகுந்தான். "நாலு பேரு ஒண்ணு சேந்தா பேச்சு ஆரம்பிச்சுரும். ஒரு வாரம் ஓடிப்போகும். நான் தினமும் பாக்குறேன்ல."

"உன்னை யாருய்யா கேட்டா? பரீட்சை உங்க மாமாவுக்கு."

பரீட்சை கிரேன்காரருக்குத்தான். துறைமுகத்தில் கப்பலிலிருந்து சரக்குப் பெட்டிகளைத் தூக்கி இறக்கும் பெரிய கிரேனை ஓட்டுகிறவர் அவர். மழைக்காலத் தொடக்கத்தில் ஒருநாள், வேலை முடிந்து இறங்கும்போது ஈர ஏணியில் கால் வழுக்கி, கீழே இருந்த இரும்புத் தடுப்பில் மண்டை மோதியது. ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள், படம் எடுத்தார்கள், படுக்க வைத்தார்கள். எழுந்து வந்தபோது பேச்சு சரியாக இருந்தது. நடை சரியாக இருந்தது. பழைய ஆட்டங்களில் யார் எந்தக் காலால் அடித்தார்கள் என்பதுவரை ஞாபகம் இருந்தது. ஆனாலும் கம்பெனி விடவில்லை. தலையில் அடிபட்டவரை அத்தனை உயரத்தில் உட்காரவைப்பதற்கு முன் அறிவுச் சோதனை ஒன்று நடத்த வேண்டும் என்றது. அதுவரை அவருக்கு ஸ்டோரில் வேலை. கையுறையும் ஹெல்மெட்டும் எடுத்துக் கொடுப்பது.

அவர் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர். பரீட்சை என்ற சொல்லைக் கேட்டாலே உள்ளங்கை வேர்க்கும். அதனால்தான் அவருடைய வரிசைக்காரர்கள், ஆட்டம் நடக்கும்போதே அவரைத் தயார்செய்யும் பொறுப்பை எடுத்துக்கொண்டார்கள். வாத்தியார் உயர்நிலைப் பள்ளியில் இலக்கணம் நடத்துகிறவர். கெட்ட வார்த்தையில் திட்டினாலும் எழுவாயும் பயனிலையும் ஒத்துப்போகத் திட்டுவார். பேக்கரிக்காரர் விடியலிலேயே அடுப்பின் முன் நின்று முடித்துவிட்டு, சனிக்கிழமை மத்தியானம் உடையாத ரொட்டிகளை விற்றுத் தீர்த்து, உடைந்த பிஸ்கட்டுகளைப் பையில் போட்டு மைதானத்துக்குக் கொண்டுவருகிறவர். மச்சான், கிரேன்காரரின் மனைவிக்குத் தம்பி; அக்கா வீட்டிலேயே முன்னறையில் இருந்துகொண்டு அதே துறைமுகத்தில் வேலை பார்க்கிறான். கிரேனுக்குக் கீழே நின்று கையை ஆட்டி மேலே இருப்பவருக்குச் சைகை கொடுப்பவன். 'தூக்கு', 'நிறுத்து', 'இன்னும் கொஞ்சம்', எல்லாம் அவன் கைதான் சொல்லும்.

தடுப்புக் கம்பியில் பேக்கரிக்காரர் மாவுச் சாக்கைப் பிரித்துத் தைத்து எழுதிய பேனர் தொங்கியது. 'பந்தை கொடு, பாதையை விடு.'

"அதுல ஒரு 'க்' இல்ல," என்றார் வாத்தியார். ஒவ்வொரு வாரமும் சொல்வதுதான். "'பந்தைக் கொடு.' ரெண்டாம் வேற்றுமை உருபு வெளிப்படையா வந்தா வலி மிகும்."

"நம்ம டீமப் பாத்தா எனக்கு எட்டு வேற்றுமையிலயும் வலி மிகுதுங்க."

"சிரிக்காதீங்க. இலக்கணம் தப்பானா அர்த்தம் மாறிப்போகும்."

"அந்த ஒரு 'க்'க எழுதிட்டா இவனுங்க பந்தக் கொடுத்துருவானுங்களா? சொல்லுங்க, இப்பவே எழுதுறேன்."

"நீங்க பேசுறதுலயும் ஒரு விஷயம் கவனிச்சிருக்கேன்," என்று வாத்தியார் விடவில்லை. "போன மாசம் ஜெயிச்சப்ப என்ன சொன்னீங்க? 'நாம ஜெயிச்சுட்டோம்.' போன வாரம்? 'அவனுங்க தோத்துட்டானுங்க.' ஜெயிச்சா தன்மைப் பன்மை, தோத்தா படர்க்கைப் பன்மை. எந்த இலக்கண நூல்லயும் இந்த விதி இல்லையே!"

"நூல் எழுதுனவரு நம்ம டீமுக்கு ரசிகரா இருந்திருக்க மாட்டாரு," என்றார் கிரேன்காரர்.

அப்போது கூட்டம் 'ஓ' என்று எழுந்தது. நீலச் சட்டையில் ஒருவன், எப்படியோ, இடதுகோடி வலைக்குள் பந்தை அடித்துவிட்டான். வாத்தியார் இலக்கணத்தை மறந்து குதித்தார். பேக்கரிக்காரரின் பையிலிருந்து பிஸ்கட் தூள் பறந்தது. கிரேன்காரரும் எழுந்தார், எல்லாரும் எழுந்த பிறகு, எல்லாருடைய முகத்தையும் பார்த்துவிட்டு எழுந்தார். அதை அன்று யாரும் கவனிக்கவில்லை.

*

வீட்டில் அவர் மனைவி கவனித்தது வேறு ஒன்றை.

அவள் தையல் ஆலையில் வேலை பார்ப்பவள். நாள் முழுக்கச் சட்டைக் கைகளை உடம்போடு சேர்ப்பது. இடது கை, வலது கை, இடது கை, வலது கை. கையை மாற்றி வைத்துத் தைத்துவிட்டால் சட்டை முறுக்கிக்கொண்டு நிற்கும். பிரித்து மறுபடி தைக்க வேண்டும். அதனால் இரண்டு பக்கமும் ஒத்திருக்கிறதா என்று பார்ப்பது அவள் கண்ணுக்குப் பழகிப்போனது. சாலையில் போகிறவனின் காலர் ஒருபக்கம் தூக்கியிருந்தால்கூட அவளுக்கு எரிச்சல் வரும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததுமுதல் அவர் தட்டில் பாதியை மிச்சம் வைத்தார். கவலையில் பசி இல்லை என்று நினைத்துக்கொண்டாள். தினமும் கேட்பாள், "ஏன் வெச்சுட்டீங்க?" அவரும் தினமும், "எங்க வெச்சேன்? சாப்பிட்டேனே," என்பார். வாதாடத் தெம்பில்லாமல் எடுத்துப்போய்விடுவாள்.

அன்று மேசையில் தண்ணீர் சிந்திவிட்டது. துடைப்பதற்காக அவர் தட்டைத் தூக்கினாள். துடைத்துவிட்டுத் திரும்ப வைத்தாள். அவர் பேசிக்கொண்டே கையைக் கொண்டுபோனவர் நின்றார்.

"உருளைக்கிழங்கு இருந்துச்சா? சொல்லவே இல்ல."

"அதான் முதல்லயே வெச்சேனே."

"இல்ல, முட்டை மட்டுந்தான் இருந்துச்சு."

மிச்சம் இல்லாமல் சாப்பிட்டார். அவள் துணியைக் கையில் பிடித்தபடி தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். துடைத்துவிட்டு வைக்கும்போது தட்டு திரும்பியிருக்கிறது. இடப்பக்கம் இருந்தது வலப்பக்கம் வந்திருக்கிறது. அவ்வளவுதான்.

மறுநாள் வேண்டுமென்றே செய்துபார்த்தாள். அவர் பாதி சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவப் போகும் நேரம், "இருங்க," என்று தட்டைத் திருப்பி வைத்தாள். அவர் மறுபடி உட்கார்ந்து மீதியைச் சாப்பிட்டார். அதற்கு மறுநாளும் அப்படியே. அப்புறம்தான் மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக அவள் கண்ணில் பட ஆரம்பித்தது. வாசல் நிலையில் இடது தோளை இடித்துக்கொண்டு, "இந்த வீட்டக் கட்டுனவன் அளவு தெரியாதவன்," என்று திட்டுவது. இடது காதோரம் மழிக்காமல் விட்ட முடி. சட்டையின் இடது கை மடிக்காமல் தொங்குவது.

தம்பியிடம் கேட்டாள். அவன் பூட்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"டேய், மாமாவுக்கு ஒரு பக்கம் கண்ணு தெரியலையோ?"

"ஆஸ்பத்திரியில பாத்தாங்களே. டாக்டர் ஒவ்வொரு பக்கமா விரல ஆட்டிக் காமிச்சாரு. மாமா ரெண்டையும் சரியாச் சொன்னாரே, நான் பக்கத்துலதான நின்னேன்."

"அப்புறம் ஏன் பாதித் தட்டு?"

அவன் தூரிகையைக் கீழே வைத்தான். "சனிக்கிழம மைதானத்துக்கு வாக்கா," என்றான்.

"எனக்கும் அந்தப் பந்துக்கும் என்ன?"

"பந்தப் பாக்க வேணாம். மாமாவப் பாரு."

*

அவள் அந்த மைதானத்துக்குள் வந்ததே அதுதான் முதல் தடவை. இத்தனை வருஷம் சனிக்கிழமைகளை அவள் துணி துவைக்க வைத்திருந்தாள். பேக்கரிக்காரர் எழுந்து இடம் கொடுத்தார். "வா தங்கச்சி, நல்ல நாள் பாத்து வந்திருக்க. இன்னிக்குக் கம்மியாத்தான் தோப்பாங்க."

"இவங்களுக்கு ஒரு கேள்வி," என்றார் வாத்தியார் உற்சாகமாக. "சூடு, குளிர், ஈரம், கோபம். சேராதது எது?"

"எங்க வீட்டுல எல்லாம் ஒண்ணாத்தாங்க வரும்," என்றாள். வரிசை சிரித்தது. கணவரும் சிரித்தார். அவரை அப்படி வாய்விட்டுச் சிரிக்கப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று அவளுக்குத் தோன்றியது. ஸ்டோரில் ஹெல்மெட் கொடுக்கிறவரின் முகம் இது இல்லை.

அவள் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. அவர் கழுத்தைப் பார்த்தாள். பந்து வலப்பக்கம் போனபோது அவர் தலை முன்கூட்டியே அங்கே போயிருந்தது. "ஆஃப்சைட்!" என்று நடுவருக்கு முன்பே கத்தினார். பந்து இடப்பக்கம் போனபோது தலை நடுவோடு நின்றுவிட்டது. அங்கே ஒருவன் விழுந்தான், கூட்டம் கத்தியது, நடுவர் மஞ்சள் அட்டை காட்டினார். அவர் மெதுவாக வாத்தியாரிடம் கேட்டார், "என்னாச்சு?" வாத்தியார் ஆவேசமாக விவரித்தார். அவரும் ஆவேசப்பட்டார்.

இடைவேளையில் பேக்கரிக்காரர் வழக்கம்போல் பிஸ்கட் பையை எல்லாருக்கும் நீட்டினார். கிரேன்காரரின் இடப்பக்கம் வந்து நின்று நீட்டினார். அவர் எடுக்கவில்லை, எதிரே தெரிந்த விளம்பரப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன கோவமா? பிஸ்கட்டு வேணாமா?"

குரல் கேட்டதும் முழுதாகத் திரும்பினார். "அட, குடுங்க குடுங்க. எப்ப வந்தீங்க?"

பேக்கரிக்காரர் அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள். இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் எதிரணி இடதுகோடி வலையில் ஒரு கோல் அடித்தது. வரிசை மொத்தமும் தலையில் கைவைத்தது. கிரேன்காரர் கொஞ்சம் பிந்தித் தலையில் கைவைத்தார். இப்போது பேக்கரிக்காரரும் பார்த்தார், வாத்தியாரும் பார்த்தார்.

ஆட்டம் முடிந்ததும் கிரேன்காரர் கழிப்பறைப் பக்கம் போனார். மற்ற நாலு பேரும் டீக்கடைத் தகரத் தடுப்போரம் நின்றார்கள்.

"விசித்திரமா இருக்கே," என்றார் வாத்தியார். "கேள்விக்கெல்லாம் டாண் டாண்ணு பதில் சொல்றாரு. என் பசங்கள விட வேகமாச் சொல்றாரு. அறிவு முழுசா இருக்கு, உலகம் மட்டும் பாதியா இருக்குன்னா..."

"தலையக் கொஞ்சம் திருப்பிப் பாத்தாருன்னா தெரியுதே," என்றார் பேக்கரிக்காரர். "பழகிக்கலாம். பரீட்சையில கேள்விதான கேப்பாங்க? பிஸ்கட்டா நீட்டப் போறாங்க? எழுதி பாஸ் பண்ணிட்டு மேல போயி உக்காந்துட்டாருன்னா மனுஷன் பழையபடி ஆயிருவாரு. இப்ப பாருங்க, ஸ்டோர்ல உக்காந்து செத்துக்கிட்டு இருக்காரு."

"திரும்பணும்னு தோணினாத்தான திரும்புவாரு?" என்றாள் அவள். "அந்தப் பக்கம் இருக்குன்னே அவருக்குத் தோணலையே."

மச்சான் டீ டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான். எல்லாரும் பேசி ஓய்ந்த பிறகு சொன்னான்:

"நான் நிக்கிறது இடது பக்கங்க. எங்க கிரேன்ல சைகை கொடுக்கிறவன் நிக்கிற இடம் அதுதான்."

யாரும் டீயைக் குடிக்கவில்லை.

*

அவரிடம் சொல்ல வேண்டியவள் அவள்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை; தட்டைச் சொன்னாள், தோளைச் சொன்னாள், மைதானத்தைச் சொன்னாள்.

அவர் முதலில் சிரித்தார். பிறகு கோபம் வந்தது.

"எனக்கு எல்லாந் தெரியுது. இந்தா, ஜன்னல் தெரியுது, அலமாரி தெரியுது, நீ தெரியுற. எங்க ஓட்ட இருக்கு? காமி!"

"அதாங்க, உங்களுக்குத் தெரியாது..."

"எனக்குத் தெரியாதது உனக்கு எப்பிடித் தெரியும்? என் தலைக்குள்ள வந்து பாத்தியா? இத்தன வருஷம் கண்ணாடிக் கூண்டுல உக்காந்து, வீடு கனத்துக்கு இருக்கிற பெட்டிய முட்டை மாதிரி இறக்கி வெச்சிருக்கேன். ஒரு கீறல் விழுந்தது கெடையாது. பரீட்சைக்குப் போற நேரத்துல என்னை முட்டாளாக்கப் பாக்குறீங்களா?"

பேச்சில் அவரை ஜெயிப்பது அவள் நோக்கம் இல்லை. ஒருபுறம் கூண்டுக்குப் போய்விட்டால் போதும் என்று ஏங்கும் மனிதர், இன்னொருபுறம் அதற்குக் கீழே கையை ஆட்டிக்கொண்டு நிற்கப்போகும் தம்பி. ஆலையில் மறுநாள் அவள் இரண்டு இடது கைகளை ஒரே சட்டையில் தைத்துவிட்டாள். பக்கத்து மெஷின்காரி சிரித்தாள். அவள் நூலைப் பிரித்துக்கொண்டே, 'கம்பெனிக்கு நானே போய்ச் சொல்லிவிடலாமா' என்று யோசித்தாள். சொல்லலாம். ஆனால் அதற்கப்புறம் அந்த வீட்டில் ஒரே மேசையில் எப்படி உட்காருவது?

அன்று சாயங்காலம் மழை விட்டு வெளிச்சம் மஞ்சளாக இருந்தது. அவர் ஜன்னலுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து ரேடியோ போட்டார். வெளியூரில் நடந்த ஆட்டத்தின் வர்ணனை. அவள் அவருக்கு எதிரே உட்கார்ந்து கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். தம்பி ரேடியோ போடுவதற்கு முன்பே வந்துவிட்டிருந்தான். பூட்ஸைப் படியிலேயே கழற்றிவிட்டு, காலுறையோடு சத்தமில்லாமல் உள்ளே வந்து, நாற்காலியின் இடப்பக்கம் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்திருந்தான். களைப்பில் பேச்சு வரவில்லை. அவர் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார்.

"எங்க உன் தம்பி? இன்னும் காணோம்?"

அவள் கத்தி நின்றது. தம்பியைப் பார்த்தாள். அவன் வாயைத் திறந்தான். அதற்குள் அவர் தொடர்ந்துவிட்டார்.

"அவன்தான உன் மனசுல இதப் போட்டது? பயந்துட்டான். என்கிட்ட வந்து நேராச் சொல்லியிருக்கலாம்ல. நான் கோவப்பட்டிருக்க மாட்டேன். பயப்படுறதுல தப்பில்ல, கீழ நிக்கிறவன் பயப்படணும். பயப்படாதவன நான் நிக்க விட மாட்டேன்." கொஞ்ச நேரம் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என் சொந்தக் கைய விட அவன் கையத்தான் நான் அதிகமாப் பாத்திருக்கேன், தெரியுமா? அவ்வளவு ஒசரத்துல இருந்து பாத்தா ஆளே எறும்பு. கை மட்டுந்தான் தெரியும். அவன் கட்டை விரல் நெளிஞ்சா எனக்கு அர்த்தம் தெரியும். அவனுக்கு ஒண்ணு ஆக விட்டுருவேனா நானு? அவன் எங்க நின்னாலும் எனக்குத் தெரியும்."

"மாமா," என்றான் மச்சான். "நான் இங்கதான் இருக்கேன்."

அவர் திரும்பினார். தலை மட்டும் அல்ல. தோளும் இடுப்பும் சேர்ந்து திரும்பின. கையை நீட்டினால் தொடும் தூரத்தில் அவன் உட்கார்ந்திருந்தான்.

"எப்ப வந்த?"

"நீங்க ரேடியோ போடறதுக்கு முன்னாடியே."

அவர் அவனையே பார்த்தார். பிறகு தலையை நேரே திருப்பி அவளைப் பார்த்தார். "இப்ப இருக்கானா?"

"இருக்கான்."

மறுபடி அவன் பக்கம் திரும்பினார். மறுபடி நேரே. "இப்ப?"

"இங்கதான் இருக்கேன் மாமா. எங்கயும் போகல."

"ஓட்ட மாதிரி இல்லையே," என்றார். கோபம் போய்விட்டிருந்தது. ஏதோ இயந்திரத்தைத் திறந்து பார்க்கிறவரின் குரல் அது. "இருட்டு மாதிரியும் இல்ல. எல்லாம் முழுசாத்தான் இருக்கு. நீ மட்டும் இல்ல. அதெப்பிடிரா?" மறுபடியும் திரும்பினார், நேரே பார்த்தார், திரும்பினார். அவள் கிழங்குப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அங்கே குழாயைத் திறந்துவிட்டு அதன் சத்தத்தில் அழுதாள்.

*

சோதனை கம்பெனி அலுவலகத்தின் மாடியில் நடந்தது. அவரைச் சோதித்த பெண்ணுக்கு அவர் மனைவியின் வயதுதான் இருக்கும். மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே தேடிக்கொண்டிருந்தார். கிரேன்காரர் எடுத்துச் சொன்னார். அதில் இருவருக்கும் ஒரு நட்பு உண்டாயிற்று. மனைவி மூலையில் உட்கார அனுமதி கிடைத்தது.

கேள்விகள் வந்தன. எண் வரிசையில் அடுத்தது எது, சேராதது எது, இந்தச் சொல்லுக்கு எதிர்ச்சொல் என்ன. அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். சுவர் கட்டும் கணக்கு அப்படியே வந்தபோது சிரித்துவிட்டார். "நாலு பேரு சேந்தா ஒரு வாரம் ஆகும்னு என் மச்சான் சொல்லுவான். ஆனா நீங்க எதிர்பாக்குறது ரெண்டு நாள்." அந்த அம்மாவும் சிரித்தார்.

"ரொம்ப நல்லாப் பண்ணியிருக்கீங்க," என்றார் முடிவில். "யோசனை, ஞாபகம் எதுலயும் குறையில்ல. நான் எழுதிக் கொடுத்துடறேன்."

பேனா தாளில் பட்டது. மூலையில் இருந்தவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். அவளும் தம்பியும் பேசி வைத்திருந்தார்கள்: அவர் சொல்லாவிட்டால் அவள் சொல்லிவிடுவதென்று. அவள் எழுந்திருக்கப் போனாள்.

"ஒரு நிமிஷம்மா," என்றார் கிரேன்காரர். "நீங்க இவ்வளவு நேரம் கேட்டீங்க. நான் ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"என் வீட்டுக்காரி எனக்கு இடது பக்கம் இல்லைங்கிறா. எனக்கு இருக்குற மாதிரிதான் இருக்கு. ஆனா அந்தப் பக்கத்துல என் மச்சானே உக்காந்திருந்தான், எனக்குத் தெரியல. அது என்னன்னு தெரிஞ்சுக்கணும். தெரியாம நான் மேல ஏற மாட்டேன்."

பேனா நின்றது. அந்த அம்மா கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். ஒரு வெள்ளைத் தாளில் மூலைக்கு மூலை சின்னச் சின்ன வட்டங்களாகப் போட்டார். "எல்லாத்தையும் அடிச்சுக் காட்டுங்க," என்று பென்சிலைக் கொடுத்தார். அவர் நிதானமாக ஒவ்வொன்றாக அடித்தார். "முடிச்சுட்டேன்," என்று கொடுத்தார். வலது பாதியில் ஒன்றுகூடத் தப்பவில்லை. இடது பாதியில் பென்சிலே படவில்லை.

தாளைத் தலைகீழாகத் திருப்பி அவர் முன் வைத்தார் அந்த அம்மா. கிரேன்காரர் வெகுநேரம் பார்த்தார்.

"இதெல்லாம் முன்னாடியே இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அப்ப கண்ணு போயிருச்சா?"

"கண்ணு நல்லாத்தான் இருக்கு. பாக்குறத கவனத்துல எடுத்துக்கிற இடம் ஒண்ணு மூளையில இருக்கு, அங்கதான் அடி. ஒரே ஒரு விரலக் காட்டினா உங்களுக்குத் தெரியும். ரெண்டு பக்கமும் ஏதாவது இருந்தா இடது பக்கம் விட்டுப்போயிரும். ஆஸ்பத்திரியில அதனாலதான் தெரிஞ்சிருக்காது. நீங்க கேக்கலைன்னா நானும் இந்தத் தாளக் கொடுத்திருக்க மாட்டேன்."

"சரியாகுமா?"

"பயிற்சி இருக்கு. ஓரளவு திரும்பி வரலாம். எவ்வளவுன்னு இப்ப என்னால சொல்ல முடியாது." கொஞ்சம் தயங்கினார். "கிரேன் மட்டும் வேணாம். எழுதித்தான் ஆகணும்."

"எழுதுங்க," என்றார் அவர்.

கீழே வாசலில் வாத்தியாரும் பேக்கரிக்காரரும் நின்றிருந்தார்கள். கடையை மூடிவிட்டு வந்த பேக்கரிக்காரரின் முழங்கையில் மாவு அப்படியே இருந்தது.

"என்னாச்சு? கேள்வியெல்லாம்?"

"எல்லாத்துக்கும் சரியாச் சொல்லிட்டேன்."

"அப்ப பாஸ்!"

"பாஸ்தான். கிரேன் கெடையாது."

பேக்கரிக்காரர் வாத்தியாரைப் பார்த்தார். எதற்கும் ஒரு விதி வைத்திருக்கும் வாத்தியார் கிரேன்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். விடாமல் பிடித்துக்கொண்டே நின்றார். பிறகு இருவரும், சனிக்கிழமை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

கணவனும் மனைவியும் நடந்தார்கள். அவள் பழக்கத்தில் அவர் வலப்பக்கம் நடந்தாள். துறைமுகத்தின் மதிலுக்கு மேலே கிரேனின் உச்சி தெரிந்தது. யாரோ ஓட்டிக்கொண்டிருந்தார்கள், ஒரு பெட்டி மெல்ல வானத்தில் நகர்ந்துபோயிற்று. அது அவர்களுக்கு வலப்பக்கமாக இருந்ததால் அவருக்கு முழுக்கத் தெரிந்தது. பார்த்தபடியே நின்றார். அது இறங்கி மதிலுக்குப் பின்னால் மறையும்வரை அவள் காத்திருந்தாள்.

"நல்லாத்தான் இறக்குறான்," என்றார். அவள் அவர் முதுகில் கையை வைத்தாள்.

மதில் முடிந்து கடைத்தெரு தொடங்கும் இடத்தில் அவர் இடது தோள் ஒரு கம்பத்தில் இடித்தது. இந்தத் தடவை யாரையும் திட்டவில்லை. கம்பத்தைக் கையால் தொட்டுப் பார்த்தார்.

"நீ இந்தப் பக்கம் வாயேன்," என்றார்.

அவள் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் வந்தாள். கொஞ்ச தூரம் நடந்தார்கள்.

"அங்க என்ன இருக்கு?"

"எங்க?"

"உன் பக்கத்துல. சொல்லேன்."

அவள் பார்த்தாள். ஆலைக்குப் போகவும் வரவும் எத்தனையோ வருஷம் நடந்த தெரு அது.

"சைக்கிள் கடை. உள்ள ஒருத்தரு டியூபத் தண்ணியில முக்கிக்கிட்டு இருக்காரு. அப்புறம்... ஒரு மாடி வீடு. பச்சைக் கதவு. மாடியில ஒரு அம்மா தலையத் துவட்டிக்கிட்டு நிக்குது. அது கீழ ஒரு நாய் தூங்குது, காதுல வெள்ளை."

"ரெண்டு காதுலயுமா?"

அவள் குனிந்து பார்த்தாள். "ஒண்ணுலதாங்க."

"ம். அப்புறம்?"

"அப்புறம் ஒரு சந்து. இங்க ஒரு சந்து இருக்கறதே எனக்கு இப்பத்தான் தெரியுது."

"உள்ள என்ன இருக்கு?"

அவள் தம்பி வேலையிலிருந்து வரும் நேரம் ஆகியிருந்தது. வீட்டில் ஒன்றும் சமைக்கவில்லை. அவள் அவர் முழங்கையைப் பிடித்தாள். இருவரும் சந்துக்குள் திரும்பினார்கள்.